களிமண் தொட்டியும் பன்னீர் பாட்டிலும்

என் கையிலிருந்து நழுவிய அந்தக் கண்ணாடி மிதவை சத்தமே போடவில்லை.

தொட்டியின் இரும்பு விளிம்பில் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான். மில்லின் இரைச்சலில் அது காதுக்கு எட்டவில்லை, விரலுக்குத்தான் எட்டியது. பிறகு வெள்ளைக் களிமண் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதே தண்ணீரில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மிதந்த கண்ணாடி அது. அதே எடை, அதே கண்ணாடி. முழுதாக இருந்தவரை மிதந்தது. உடைந்து, உள்ளே இருந்த காற்று வெளியே போனதும் மூழ்கிவிட்டது.

மில்லில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா, தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவார்களா என்பது தெரிய இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அந்தக் கண்ணாடியோ என் பொறுப்பில் இருந்த ஒரே சாமான்.

பருப்பு மேலே, ஓடு கீழே

ஜோகூரில், காஹாங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில். அதற்கு முன் நான் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்தே கிடக்கும் வேலை. முள் குத்தாத விரல் கிடையாது. மழை பெய்தால் உடம்போடு சேர்ந்து சாக்கும் கனக்கும்.

மில்லுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் வந்து கேட்டபோது பத்துப் பேர் கையைத் தூக்கினார்கள். "நம்பர் படிக்கத் தெரியணும்" என்றார். ஒன்பது கை இறங்கிவிட்டது. என் கை இறங்கவில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை போனவள். ஒன்று இரண்டு தெரியும். நம்பருக்கு நடுவில் புள்ளி வைத்து எழுதுவார்கள் என்பது மட்டும் தெரியாது.

செம்பனைப் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு உள்ளே கொட்டை இருக்கும். அதை மெஷினில் உடைப்பார்கள். ஓடும் பருப்பும் கலந்து வரும். பருப்பிலும் எண்ணெய் உண்டு, அது தனியாக விலை போகும் சரக்கு. ஓடு பாய்லருக்கு விறகு. இரண்டையும் பிரிக்க வேண்டும். கையால் பொறுக்க முடியுமா? மலை மாதிரி குவியுமே.

அதற்குத்தான் களிமண் தொட்டி. சும்மா தண்ணீரில் போட்டால் ஓடும் மூழ்கும், பருப்பும் மூழ்கும். தண்ணீரில் வெள்ளைக் களிமண் பொடியைக் கரைத்துக்கொண்டே வந்தால் தண்ணீர் கனத்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பருப்பு மேலே எழுந்து வந்துவிடும். ஓடு மட்டும் கீழே கிடக்கும். மேலே வந்ததைச் சல்லடை வாங்கிக்கொள்ளும், கீழே போனது பாய்லருக்கு ஓடிவிடும்.

மண் கூடிவிட்டால் ஓடும் மிதந்து பருப்போடு கலக்கும். குறைந்துவிட்டால் பருப்பும் மூழ்கி, ஓட்டோடு போய் எரியும். நடுவில் ஒரு சின்ன இடம். அந்த இடத்தைக் காட்டத்தான் கண்ணாடி. குண்டு வயிறும், நம்பர் போட்ட நீளக் கழுத்தும் உள்ள மிதவை அது.

அதைக் கொடுத்தவர் லேப்பில் வேலை பார்த்த என்சிக் ஜமில். என்சிக் என்றால் ஐயா. சாந்தமான மனுஷர். மலாயில்தான் பேசுவார், என்னை மட்டும் "அக்கா" என்பார். நான் நம்பரைப் பார்த்து விழித்ததை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து, கண்ணாடிக் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டார்.

"அக்கா, நம்பர விடுங்க. இந்தக் கோடு தண்ணி மட்டத்துல நின்னா பாகுஸ். கோடு மேல ஏறுனா தண்ணி கனம், தண்ணி ஊத்துங்க. கோடு உள்ள போனா தண்ணி லேசு, மண்ணு போடுங்க."

பாகுஸ் என்றால் நல்லது. அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்பதற்காகவே நான் நன்றாக வேலை செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் கை போட்ட கணக்கு

கண்ணாடி உடைந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "பொம்பளைங்ககிட்ட கண்ணாடியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று மண்டோர் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. நான் அப்படிப்பட்டவள். இப்போதும் அப்படித்தான்.

ஒரு புத்திசாலித்தனம் மட்டும் செய்தேன். கண்ணாடி நழுவுவதற்குச் சற்று முன்புதான் சிவப்புக் கோடு சரியாக நின்றதைப் பார்த்திருந்தேன். அப்படியென்றால் அந்த நேரத்துத் தண்ணீர் சரியான தண்ணீர். உடனே ஒரு வாளி அள்ளி, மூடி போட்டு, படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இனிமேல் வாளித் தண்ணீரில் ஒரு கை, தொட்டித் தண்ணீரில் ஒரு கை, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று எண்ணம். மாவு கரைக்கிற கைக்கு இது தெரியாதா?

மத்தியானம் வாளியை நன்றாகக் கலக்கிவிட்டுக் கையை விட்டேன். பிறகு தொட்டியில் விட்டேன். தொட்டி ரொம்பக் கெட்டியாக இருந்தது. விரலில் ஒட்டிக்கொண்டு வழுவழுவென்று இறங்கியது. சரி, கனம் கூடிப் போச்சு என்று நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் கெட்டி. இன்னும் நாலு ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் பாய்லர் பக்கத்திலிருந்து ஒருவர் படியேறி வந்தார். ஒல்லி ஆள். முகம் முழுக்கக் கரி. வீரையா என்று பெயர். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏம்மா, இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒன்னும் இல்லியே. ஏன்?"

"என் அடுப்புல பருப்பு வறுபடுது. யாருக்கோ பாயசம் வைக்கிறீங்க போலன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க மூக்க ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றேன்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஓடு எரிஞ்சா ஒரு வாசன, பருப்பு எரிஞ்சா ஒரு வாசன. லேப்புல சாம்பிள் பாக்குறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும்." தொட்டியை எட்டிப் பார்த்தார். சல்லடையில் பருப்பு வந்து விழவே இல்லை. "கண்ணாடி என்ன சொல்லுது?"

"சரியாத்தான் சொல்லுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "அப்பச் சரி" என்று இறங்கிப் போய்விட்டார்.

அன்று நான் செய்த தப்பு எனக்குப் புரிய மறுநாள் ஆயிற்று. மத்தியானத்துக்குள் தொட்டியில் நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து போயிருந்தது. அதனால்தான் வழுவழுவென்று கெட்டியாக இருந்தது. கெட்டி என்பது வேறு, கனம் என்பது வேறு. சமையல் எண்ணெயைப் பாருங்கள், தண்ணீரைவிட எவ்வளவு கெட்டி! தண்ணீரில் ஊற்றினால் மேலேதானே நிற்கிறது? ஆயுசு முழுக்க ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்தவள் நான். ஆனாலும் கையை நம்பி ஏமாந்தேன்.

குழாயடியில் ஒரு பாட்டில்

மறுநாள் காலை கை கழுவக் குழாயடிக்குப் போனேன். கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்ன பன்னீர் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. பூசைக்குத் தெளிக்கிற பன்னீர். குண்டு வயிறு, ஒடுங்கிய நீளக் கழுத்து, வாயில் இறுக்கமாக ஒரு தக்கை. காலி பாட்டில், ஒருக்களித்துப் படுத்து ஆடிக்கொண்டிருந்தது.

நான் வெகுநேரம் பார்த்தேன். கழுத்து நீளமாக இருப்பது அந்தக் கண்ணாடி மாதிரியே இருக்கிறதே என்று மனசில் ஓடியது.

எடுத்துக்கொண்டு போய், என் வாளித் தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டு அதில் போட்டேன். அங்கேயும் படுத்துத்தான் மிதந்தது. சுவரில் நெருப்பு அணைக்க மணல் வாளி தொங்கும். தக்கையைப் பிடுங்கி, ஒரு சிட்டிகை மணல் எடுத்து உள்ளே போட்டு, மறுபடி மூடி மிதக்க விட்டேன். அடிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. இன்னும் ஒரு சிட்டிகை. பாட்டில் மெல்ல எழுந்து நின்றது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருந்த பிள்ளை எழுந்து நிற்கிற மாதிரி. மணல் போடப் போட வயிறு உள்ளே போய், தோள் உள்ளே போய், கடைசியில் கழுத்து மட்டும் வெளியே நின்றது. கையில் கட்டியிருந்த கோவில் சிவப்புக் கயிற்றைப் பிரித்து, தண்ணீர் மட்டம் தொட்ட இடத்தில் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். உடைந்த கண்ணாடி மாதிரி இதுவும் போய்விடக் கூடாதென்று ஒரு நீளத் தையல் நூலும் கட்டினேன்.

பிறகு தொட்டியில் விட்டேன். நேராக அடியில் போய்ச் சேர்ந்தது. என் கைக்கு அவ்வளவு கெட்டியாக இருந்த தண்ணீர், பாட்டிலைத் தூக்கக்கூட வலுவில்லாத லேசான தண்ணீர்!

முதலில் மேலே மிதந்த பிசுக்கை எல்லாம் வழித்து ஊற்றினேன். பிறகு மண்ணைக் கொட்டினேன். கலக்கினேன். நூலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது மூட்டைக்குக் கழுத்து தலை காட்டியது. சிவப்புக் கயிறு மட்டத்துக்கு வந்த நேரத்தில் பருப்பெல்லாம் பொலபொலவென்று மேலே வந்தது. பாட்டிலைத் தூக்கி முகர்ந்தேன். களிமண் வாசனைக்குள்ளே கொஞ்சமாகப் பன்னீர்.

அன்றுதான் மிதப்பது என்றால் என்ன என்று எனக்குப் பிடிபட்டது. தண்ணீருக்குள் இறங்குகிற எதுவும் தன் உடம்பு அளவுக்குத் தண்ணீரை நகர்த்திவிட்டுத்தான் உட்கார முடியும். நகர்ந்த தண்ணீர் இதைவிடக் கனம் என்றால் இதை மேலே தூக்கிவிடும். இது கனம் என்றால் வழிவிட்டுவிடும். பெரிசு சிறிசு, கெட்டி தண்ணி எல்லாம் பேச்சே இல்லை. ஒரே அளவு இடத்தில் யார் கனம் என்பதுதான் பேச்சு.

கொஞ்சம் கடற்கரைக்குப் போய்விட்டு வருகிறேன்

இதைச் சொல்லும்போது மெர்சிங் ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் ஒரு லீவு நாளில் எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள். நான் அப்போது நல்ல உடம்பு. இடுப்பளவு தண்ணீரில் சேலையோடு சாய்ந்தேன், அப்படியே மிதந்துவிட்டேன். மேகம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் சாய்ந்தார். காலிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் மூக்கு மட்டும் தெரிந்தது.

"ஏங்க, நீங்க ஓடு. நான் பருப்பு" என்றேன்.

தண்ணீரைத் துப்பிக்கொண்டே, "ஓடு இல்லாம எந்தப் பருப்பு வெளஞ்சிருக்கு?" என்றார்.

எங்கே விட்டேன்? ஆம், தொட்டி.

எட்டாம் நாள்

எட்டாம் நாள் என்சிக் ஜமில் தானே வந்தார். பருப்பை அள்ளிப் பார்த்தார், ஓட்டை அள்ளிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, "கண்ணாடி எங்க அக்கா?" என்றார்.

நான் நூலைப் பிடித்து இழுத்தேன். பன்னீர் பாட்டில் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

"அலமாக்! இது என்ன?"

"கண்ணாடி ஒடஞ்சி போச்சு என்சிக். நாந்தான் ஒடச்சேன்."

"எப்ப?"

"எட்டு நாளாச்சு."

அவர் இறங்கிப் போனார். என் கதை முடிந்தது, திங்கள்கிழமை திரும்பவும் குனிந்து பழம் பொறுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் லேப்பிலிருந்த இன்னொரு கண்ணாடியோடு வந்தார். என் பாட்டிலுக்குப் பக்கத்தில் விட்டார். இரண்டும் தோளோடு தோள் உரசி நின்றன. கண்ணாடியில் அவருக்கு வேண்டிய நம்பர் தண்ணீர் மட்டத்தில். என் பாட்டிலில் சிவப்புக் கயிறு தண்ணீர் மட்டத்தில்.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். "மொத நாள் சாம்பிள் மட்டும் மோசம். மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். பிறகு நிமிர்ந்து, "பாகுஸ், அக்கா. ரொம்ப பாகுஸ்" என்றார்.

அந்தத் தொட்டியில்தான் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன்.

பாய்லர்காரர் வீரையாவும் அதன் பிறகு தினமும் ஒரு தடவை படியேறி வருவார். "இன்னிக்குப் பருப்பு வாசன இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அதைச் சொல்ல ஒருவர் அத்தனை படி ஏற வேண்டியதில்லை என்று எனக்குப் புரிந்தபோது, என் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணம்.

பிஸ்கட் டின்

இதுவரை நீங்கள் படித்ததை நான் போன மாதமே எழுதி வைத்துவிட்டேன். என் பிள்ளைகளிடம், சம்பந்தி வீட்டில், கோவிலில், கிளினிக்கில் காத்திருக்கும்போது என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் சொல்லிவரும் கதை இது. "யாரும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சது" என்று முடிப்பேன். பாட்டில் இப்போதும் குளுவாங்கில் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பார். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசியதில்லை.

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஸ்டோர் அறையைக் காலி செய்தோம். அவருடைய பழைய பிஸ்கட் டின் ஒன்று. திருகாணி, ஸ்பேனர், துருப்பிடித்த சாவி. அடியில் ஒரு துணி முடிச்சு. பிரித்தேன்.

கண்ணாடிக் குழாய்த் துண்டு. விரல் நீளம். அதன் மேல் சிவப்புக் கோடு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டியில் மூழ்கியதெல்லாம் எங்கே போகும்? ஓட்டோடு போகும். ஓடு எங்கே போகும்? பாய்லருக்கு. அங்கே மண்வெட்டியோடு நின்றது யார்? இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. பன்னீர் பாட்டில் குழாயடிக்கு எப்படி வந்தது என்றும் யோசிக்கவில்லை. மில்லில் பன்னீர் இருந்த இடம் ஒன்றே ஒன்று. பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, சாமி படம் வைத்து, தீ மூட்டுவதற்கு முன் பன்னீர் தெளித்துக் கும்பிடுவார்கள்.

அவர் வாசலில் நாற்காலியில் இருந்தார். துண்டை நீட்டினேன்.

"இது என்னங்க?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கெடச்சிருச்சா?"

"ஒடஞ்சது அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"சாயங்காலம் ஓட்டுக் குவியல்ல மின்னுச்சு. எடுத்து வச்சேன். வேற யாராச்சும் பாத்தா லேப்புக்குப் போயிருமே."

"பாட்டில அங்க மெதக்க விட்டது?"

காது கேட்காத மாதிரி இருந்தார். அவருக்கு அவ்வளவு காது மந்தமில்லை.

"நான் ஊரு பூரா நானே கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்களே!"

"நீ கண்டுபிடிச்சதுதானே மாரி."

"சமாதானம் சொல்லாதீங்க."

"சமாதானம் இல்ல. காலி பாட்டிலு மெதக்கும், அத வச்சு நீ என்னமோ பண்ணுவேன்னு நெனச்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. நீ மணலு போட்ட, கயிறு கட்டுன. அது எப்பிடி வேல செய்யுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"நாப்பது வருஷமா தலைய ஆட்டிக் கேட்டீங்களே?"

"நீ நல்லா சொல்லுவ. அதுக்காகக் கேட்டேன்."

என்ன செய்வது இந்த மனுஷரை? எழுந்து போய்ப் பெரிய கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தேன். சாமி மேடையிலிருந்து பாட்டிலை எடுத்து உள்ளே விட்டேன். அடியில் போய் உட்கார்ந்தது.

"மூழ்கிருச்சே?" என்றார், பதறிப் போய்.

"வெறும் தண்ணி லேசுங்க. மூழ்கத்தான் செய்யும். உப்பு எடுத்துக்கிட்டு வாங்க."

பாக்கெட்டோடு வந்தார். நான் கலக்கினேன், அவர் பிடி பிடியாகப் போட்டார். முக்கால் பாக்கெட் போனது. பாட்டில் லேசாக ஆடியது. இன்னும் இரண்டு பிடி. அடியைவிட்டு எழுந்தது. ஒவ்வொரு பிடியாகக் கழுத்து மேலே வந்து, பாக்கெட் காலியானபோது கயிறு தண்ணீர் மட்டத்தில் நின்றது. இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக்கொண்டு, ஜாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"நிக்குது மாரி."

"நிக்கும்."

உடைந்த துண்டையும் உள்ளே போட்டார். அது அடியில் படுத்துக்கொண்டது. அதற்கு நேர் மேலே பாட்டில் நின்றது. அப்படியே மேசையில் வைத்துவிட்டோம். அன்றைக்கு ரசத்துக்கு உப்பு இல்லை.

சனிக்கிழமை ஜோகூர் பாருவிலிருந்து மகள் வந்தாள். ஜாடியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பாட்டில் கதையா? சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்கப்பாவக் கேளு" என்றேன். சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். காதை மட்டும் அங்கே விட்டுவிட்டுப் போனேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது வந்தும்மா, ஒரு நாளு உங்கம்மா, யாரு தொணையும் இல்லாம, தனியா, ஒரு பாட்டிலக் கண்டுபிடிச்சா…"

"பொய்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். "மொதல்லேருந்து சொல்லுங்க!"